17 மீட்டர் பாறை, சுற்றிலும் 22 கி.மீ. கடல்: ராக்காலுக்காக பிரிட்டனும் அயர்லாந்தும் ஏன் முட்டிக்கொள்கின்றன?

2021 ஜனவரி 4. பிரெக்ஸிட் முழுமையாக நடைமுறைக்கு வந்து நான்காவது நாள். அயர்லாந்தின் டோனகல் பகுதியைச் சேர்ந்த ஒரு மீன்பிடிப் படகு வட அட்லாண்டிக் கடலில் நின்றிருந்தது. ஸ்காட்லாந்து அரசின் ரோந்துக் கப்பலான 'ஜூரா' அங்கே வந்தது. அதிகாரிகள் படகில் ஏறினார்கள். இந்த இடத்தில் மீன் பிடிக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பல ஆண்டுகளாக அயர்லாந்து மீனவர்கள் வந்துபோன இடம் அது. அருகில் ஊர் இல்லை, துறைமுகம் இல்லை, கரையே இல்லை. கண்ணுக்குத் தெரிந்த ஒரே நிலம், கடலுக்கு நடுவில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருங்கல் பாறை. அதன் பெயர் ராக்கால்.

ஆள் வாழாத, மரம் முளைக்காத, குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடைக்காத இந்தப் பாறைக்காகவா இரண்டு நட்பு நாடுகள் ஆண்டுக்கணக்கில் கடிதப் போர் நடத்துகின்றன? ஆமாம். ஆனால் சண்டை உண்மையில் பாறைக்காக இல்லை. பாறையைச் சுற்றி வரையப்பட்ட ஒரு வட்டத்துக்காக.

எங்கே இருக்கு இந்த ராக்கால்?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து அட்லாண்டிக்கை நோக்கிப் போனால் முதலில் ஹெப்ரிடீஸ் தீவுகள் வரும். அவற்றையும் தாண்டினால் செயின்ட் கில்டா என்ற சிறு தீவுக்கூட்டம். பெரும்பாலான வரைபடங்களில் பிரிட்டன் அங்கேயே முடிந்துவிடும். அங்கிருந்து இன்னும் மேற்கே 300 கிலோ மீட்டர் போனால்தான் ராக்கால். மக்கள் வாழும் மிக அருகிலுள்ள இடமான வடக்கு யூயிஸ்ட் தீவு சுமார் 370 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அயர்லாந்தின் டோனகல் கடற்கரை சுமார் 420 கி.மீ. அதாவது டோனகலில் கிளம்பும் படகு மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் நிற்காமல் ஓடினாலும், போய்ச் சேர ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகும்.

போய்ச் சேர்ந்து பார்த்தால் என்ன இருக்கும்? அடிப்பகுதியில் நீளம் சுமார் 31 மீட்டர், அகலம் 25 மீட்டர். உயரம் 17 மீட்டரை ஒட்டி. ஒரு ஐந்து மாடி அடுக்குமாடிக் குடியிருப்பை கடலுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்த மாதிரி. ஒரு பக்கம் கிட்டத்தட்ட செங்குத்தாக இருக்கும். நிற்கவோ உட்காரவோ உருப்படியாக இருப்பது ஒரே ஒரு திண்ணை மாதிரியான இடம்தான். உச்சிக்கு சுமார் 4 மீட்டர் கீழே, மூன்றரை மீட்டர் நீளமும் ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலமும் கொண்டது. இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும்.

அந்தத் திண்ணைக்கு 'ஹால்ஸ் லெட்ஜ்' என்று பெயர். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பேசில் ஹால் நினைவாக வைத்தது. பதிவாகியுள்ள தகவல்களின்படி 1811-ல் ராக்காலில் முதன்முதலில் இறங்கியது அவருடைய குழுதான். தூரத்தில் பார்த்தபோது பாய் விரித்து வரும் கப்பல் என்றே அவர்கள் நினைத்தார்களாம். கடற்பறவைகளின் எச்சம் படிந்து படிந்து பாறையின் உச்சி வெள்ளையாக இருந்ததுதான் காரணம். இறங்கிய பிறகு மூடுபனி சூழ்ந்துகொள்ள, வந்த கப்பலே கண்ணுக்குத் தெரியாமல் தவித்துப்போனார்கள்.

அலை பாறையை விட உயரம்

ராக்காலின் புவியியலைப் புரிந்துகொள்ள ஒரு எண் போதும். 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் 'டிஸ்கவரி' என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் கப்பல் ராக்கால் அருகே புயலில் மாட்டிக்கொண்டது. கப்பலில் இருந்த கருவிகள் அளந்த மிகப்பெரிய தனி அலையின் உயரம் 29.1 மீட்டர். அறிவியல் கருவிகள் கடலில் அதுவரை பதிவு செய்த அலைகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று அது. 29 மீட்டர் என்பது அடியிலிருந்து முகடு வரைக்கான கணக்கு என்றாலும், 17 மீட்டர் பாறைக்கு அந்தக் கடலில் என்ன கதி என்று ஊகிக்கலாம். பெரிய புயல்களில் அலை பாறையின் தலைக்கு மேலேயே ஏறிப் போகும்.

1970-களின் தொடக்கத்தில் பாறையின் உச்சியை வெடி வைத்துத் தட்டையாக்கி, கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு ஒன்றை பிரிட்டன் பொருத்தியது. கடல் அதை விட்டுவைக்கவில்லை. பிறகு வைத்த விளக்குக்கும் அதே கதிதான்.

விளக்கு வைக்கக் காரணம் இருந்தது. ராக்காலுக்குப் பக்கத்தில் ஹேசல்வுட் பாறை, ஹெலன்ஸ் ரீஃப் என்று நீருக்கு அடியில் பதுங்கியிருக்கும் திட்டுகள் உண்டு. இரண்டாவதன் பெயர், 1824-ல் அங்கே மோதி மூழ்கிய 'ஹெலன்' என்ற கப்பலிலிருந்து வந்தது. அதை விடக் கொடூரம் 1904 ஜூன் 28 அன்று நடந்தது. அமெரிக்காவில் புது வாழ்க்கை தேடி நியூயார்க் கிளம்பிய ஏழைக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வந்த டென்மார்க் கப்பல் 'நார்ஜ்' இங்கே மோதி மூழ்கியது. 600-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். டைட்டானிக்குக்கு எட்டு ஆண்டுகள் முன்பு நடந்த விபத்து. டைட்டானிக் அளவுக்கு யாரும் பேசாத விபத்து.

எப்படி வந்தது இந்தப் பாறை?

ராக்கால் கடலில் மிதந்து வந்த கல் இல்லை. அதற்குக் கீழே ஒரு பெரிய பீடபூமியே மூழ்கிக் கிடக்கிறது. ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு கிரீன்லாந்தும் ஐரோப்பாவும் பிரியத் தொடங்கியபோது, நடுவில் அறுந்து நின்றுபோன கண்டத்துண்டு அது. அதே காலகட்டத்தில் எரிமலைச் செயல்பாடும் உச்சத்தில் இருந்தது. அன்றைய எரிமலையின் உள்ளே இறுகிப்போன குழம்பின் எச்சம்தான் இன்றைக்குத் தெரியும் ராக்கால். வயது சுமார் 5.2 கோடி ஆண்டுகள். சுற்றியிருந்த மென்மையான பாறையெல்லாம் கரைந்துபோக, கடினமான நடுக்கல் மட்டும் மிஞ்சி நிற்கிறது.

அந்தக் கல்லும் சாதாரண கிரானைட் இல்லை. சோடியமும் இரும்பும் கூடுதலாக உள்ள அரிய வகை. 'ராக்காலைட்' என்றே அதற்குத் தனிப் பெயர் கிடைத்தது. பேரியம், ஸிர்கோனியம் ஆகிய தனிமங்கள் கலந்த 'பேஸிரைட்' என்ற கனிமமும் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது இங்கிருந்து எடுத்த கல்லில்தான்.

மீன் கதைக்கு வேண்டியது இந்த மூழ்கிய பீடபூமி. ஸ்காட்லாந்துக்கும் ராக்காலுக்கும் நடுவே 2,000 மீட்டருக்கும் அதிக ஆழமுள்ள ஒரு பள்ளம் ஓடுகிறது. அதைத் தாண்டியதும் கடலடி திடீரென்று மேலே ஏறி, சில நூறு மீட்டர் ஆழத்துக்கு வந்துவிடும். இதுதான் ராக்கால் திட்டு. சுற்றிலும் ஆழ்கடல், நடுவில் மேடு. ஹேடாக், மாங்க்ஃபிஷ், கணவாய் எல்லாம் இங்கே கிடைக்கும். ராக்கால் ஹேடாக்கை ஸ்காட்லாந்து கரையோர ஹேடாக்கோடு சேர்க்காமல் தனிக் கூட்டமாகவே விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள்.

சுருக்கமா சொன்னா, பாறையில் ஒன்றும் இல்லை. பாறை உட்கார்ந்திருக்கும் மேட்டில் காசு இருக்கிறது.

பிரிட்டன் கொடி நட்டது மீனுக்காக இல்லை

1955 செப்டம்பர் 18. பிரிட்டிஷ் கடற்படையின் அளவாய்வுக் கப்பல் 'விடால்' ராக்கால் அருகே நின்றது. ஹெலிகாப்டரிலிருந்து நான்கு பேர் பாறையில் இறக்கப்பட்டார்கள். மூவர் கடற்படை, கடற்படைக் காலாட்படையைச் சேர்ந்தவர்கள். நான்காவது நபர் இயற்கை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிஷர். பித்தளைப் பட்டயம் ஒன்றை சிமென்ட் வைத்துப் பாறையில் பதித்தார்கள். கொடி ஏற்றினார்கள். எலிசபெத் ராணியின் பெயரால் ராக்கால் பிரிட்டனுக்குச் சொந்தமானது.

இந்தியா விடுதலை பெற்று எட்டு ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். உலகம் முழுக்க பிரிட்டன் காலனிகளை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தபோது, பேரரசு கடைசியாகச் சேர்த்துக்கொண்ட நிலம் இந்த 25 மீட்டர் அகலப் பாறை.

அன்றைய கவலை மீனும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஹெப்ரிடீஸில் தெற்கு யூயிஸ்ட் தீவில் ஏவுகணைச் சோதனைத் தளம் அமைக்க பிரிட்டன் திட்டமிட்டிருந்தது. ஏவுகணைகள் பறக்கப்போவது அட்லாண்டிக்கை நோக்கி. யாருக்கும் சொந்தமில்லாத ராக்காலில் சோவியத் யூனியன் ஆட்களை இறக்கி வேவு பார்த்தால் என்ன செய்வது என்பதுதான் பயம். 17 மீட்டர் பாறையில் சோவியத் உளவாளி எப்படி நாள் கடத்துவார் என்று அப்போது யாராவது கேட்டார்களா தெரியவில்லை.

1972-ல் பிரிட்டன் நாடாளுமன்றம் 'ராக்கால் தீவுச் சட்டம்' என்று தனிச் சட்டமே இயற்றியது. ராக்கால் ஸ்காட்லாந்தின் பகுதி, ஹாரிஸ் வட்டாரத்தைச் சேர்ந்தது என்று அறிவிக்கப்பட்டது. சட்டத்தின் பெயரிலேயே 'தீவு' என்ற சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரபுக்கள் சபையில் பேசிய கென்னட் பிரபு, உலகத்திலேயே இதைவிடப் பாழான, நம்பிக்கையிழக்க வைக்கும் இடம் இருக்க முடியாது என்கிற பொருளில் ராக்காலை வர்ணித்திருந்தார்.

தீவா? பாறையா? ஒரு சொல்லில் 4 லட்சம் சதுர கி.மீ.

இங்கிருந்துதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

1970-களில் உலக நாடுகள் தங்கள் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை கடலை உரிமை கொண்டாடத் தொடங்கின. பிரிட்டனும் 1976-ல் அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. ராக்காலையும் ஒரு கரையாகக் கணக்கில் எடுத்து, அங்கிருந்து மேற்கே 200 கடல் மைல் அளந்துகொண்டது. 200 கடல் மைல் என்றால் 370 கி.மீ. அந்த ஆரத்தில் ஒரு முழு வட்டம் போட்டால் 4 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல் வரும். அயர்லாந்து தீவைப் போல ஐந்து மடங்கு. ஒரு பாறைக்கு!

மற்ற நாடுகள் இதை ஏற்கவில்லை. ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 121-வது பிரிவு இப்படிப்பட்ட இடங்களுக்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது. மனிதர்கள் வாழவோ, சொந்தமாகப் பொருளாதார வாழ்க்கை நடத்தவோ இடம்தராத பாறைகளுக்கு 200 மைல் பிரத்யேக பொருளாதார மண்டலமும் கிடையாது, கண்டத்திட்டு உரிமையும் கிடையாது.

பிரிட்டன் 1997-ல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. சேரும்போதே ராக்காலிலிருந்து அளப்பதைக் கைவிட்டது. அளவு தொடங்கும் புள்ளி கிழக்கே செயின்ட் கில்டாவுக்குப் பின்வாங்கியது. தானாக முன்வந்து இவ்வளவு பெரிய கடலை ஒரு நாடு விட்டுக்கொடுத்தது அரிது. அதற்கு விலையும் இருந்தது. ராக்கால் திட்டின் மேற்குப் பகுதி சர்வதேசக் கடலாகிவிட, சில ஆண்டுகளிலேயே ரஷ்ய இழுவைக் கப்பல்கள் அங்கே ஹேடாக் பிடிக்க வந்துவிட்டன.

செயின்ட் கில்டாவும் இன்றைக்கு ஊர் இல்லாத தீவுதான் என்பது இதில் ஒரு வேடிக்கை. அங்கே கடைசியாக வாழ்ந்த 36 பேர் 1930 ஆகஸ்டில் தாங்களே கேட்டுக்கொண்டு வெளியேறினார்கள். இப்போது அங்கே இருப்பது பாதுகாப்புத் துறை தொடர்பான பணியாளர்களும், பாதுகாவலர்களும், வந்துபோகும் ஆய்வாளர்களும்தான். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் ஆடு வளர்த்து, பறவை பிடித்து வாழ்ந்த இடம் என்பதால் அது 'தீவு'. ராக்கால் 'பாறை'.

அங்கே போய்த் தங்கிக் காட்டினால் தீவு ஆகிவிடுமா என்று கேட்கலாம். முயற்சி நடக்காமல் இல்லை. பிரிட்டனின் உரிமையை உறுதிப்படுத்தப் போகிறேன் என்று 1985-ல் முன்னாள் ராணுவ வீரர் டாம் மெக்லீன் ஒரு மரப்பெட்டிக்குள் 40 நாள் தங்கினார். 1997-ல் கிரீன்பீஸ் ஆர்வலர்கள் மூவர் 42 நாள் இருந்தார்கள். அவர்கள் போனது நேர் எதிரான காரணத்துக்கு. இந்தப் பகுதியில் எண்ணெய் தேடக் கூடாது என்று சொல்லி, ராக்காலுக்கு 'வேவ்லேண்ட்' என்று பெயர் சூட்டி, தனி நாடு என்றே அறிவித்துவிட்டார்கள். 2014-ல் நிக் ஹான்காக் 45 நாள் தனியாகத் தங்கி சாதனை படைத்தார். புயலில் அவருடைய பொருட்களில் ஒரு பகுதியை அலை அடித்துக்கொண்டு போனது. 2023-ல் 60 நாள் தங்கும் எண்ணத்தோடு போன இன்னொரு முன்னாள் ராணுவ வீரரை, வானிலை மோசமாகி, ஹெலிகாப்டர் அனுப்பி மீட்க வேண்டியதாயிற்று.

இவர்கள் எல்லோரும் சாப்பாடும் தண்ணீரும் வெளியிலிருந்து கொண்டுபோனவர்கள். அது செல்லாது. தென்சீனக் கடல் வழக்கில் 2016-ல் வந்த சர்வதேச நடுவர் தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வெளியிலிருந்து சப்ளை செய்து ஆட்களை உட்கார வைத்தால், அந்த இடம் மனிதர்களைத் தாங்குகிறது என்று அர்த்தமாகாது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ராக்காலுக்கு வாய்ப்பே இல்லை.

அப்படின்னா இன்னும் என்ன சண்டை?

200 மைல் போய்விட்டது. மிஞ்சியிருப்பது 12 மைல்.

கடல் சட்டப்படி பாறையாக இருந்தாலும், அது ஒரு நாட்டுக்குச் சொந்தம் என்றால், அதைச் சுற்றி 12 கடல் மைல் (சுமார் 22 கி.மீ.) எல்லைக் கடல் உண்டு. இங்கே தடை இல்லை. ராக்கால் பிரிட்டனுடையது என்று ஒப்புக்கொண்டால், சுற்றியுள்ள சுமார் 1,550 சதுர கி.மீ. கடலும் பிரிட்டனின் எல்லைக் கடலாகிவிடும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த வட்டமே கிடையாது.

அயர்லாந்து ஒப்புக்கொள்ளவில்லை. இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு இடம் இருக்கிறது. ராக்கால் எங்களுடையது என்று அயர்லாந்து அரசு உரிமை கோரவில்லை. டோனகல் மேடைகளிலும் பாட்டுகளிலும் அந்த முழக்கம் கேட்கும். 'உல்ஃப் டோன்ஸ்' இசைக்குழு இதற்காகவே ஒரு பாட்டுப் போட்டது. ஆனால் டப்ளினின் அதிகாரப்பூர்வ நிலைப்பாடு வேறு. ராக்காலுக்கு நாங்கள் உரிமை கோரவில்லை, பிரிட்டனின் உரிமையையும் ஏற்கவில்லை, ஆகவே அதைச் சுற்றி 12 மைல் எல்லையும் இல்லை. இவ்வளவுதான் அயர்லாந்து சொல்வது.

சரி, பாறைக்கு உரிமையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்தக் கடல் யாருடையது? இங்கேதான் வரைபடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

செயின்ட் கில்டாவிலிருந்து ராக்காலுக்கு சுமார் 163 கடல் மைல். 200-க்குள் வந்துவிடுகிறது. ஆக, ராக்கால் என்ற பாறையே இல்லாமல் போனாலும் அந்தக் கடல் பிரிட்டனின் பொருளாதார மண்டலம்தான். அயர்லாந்தின் கரையிலிருந்து அளந்தால் சுமார் 228 கடல் மைல். 200-ஐத் தாண்டிவிட்டது. இரு நாடுகளும் 1988-ல் கண்டத்திட்டு எல்லையைப் பிரித்துக்கொண்டன. பொருளாதார மண்டல எல்லைக்கான உடன்பாடு 2014-ல் நடைமுறைக்கு வந்தது. இரண்டிலும் ராக்கால் கோட்டின் பிரிட்டன் பக்கம்தான் இருக்கிறது. அயர்லாந்தும் அந்தக் கோடுகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. பாறை யாருக்கு என்ற கேள்விக்கும் இந்தக் கோடுகளுக்கும் சம்பந்தமில்லை என்கிறது டப்ளின்.

எப்படிப் பார்த்தாலும் பிரிட்டன் கடல் என்றால், 12 மைல் வட்டம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு விடை ரொம்ப எளிது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தப்படி, ஒன்றியத்தின் படகுகள் பிரிட்டனின் பொருளாதார மண்டலத்தில் ஒதுக்கீட்டு அளவுக்குள் மீன் பிடிக்கலாம். அயர்லாந்து படகும் பிடிக்கலாம். ஆனால் 12 மைல் எல்லைக் கடலுக்குள் நுழைய, இங்கிலாந்தின் தெற்குக் கரையை ஒட்டியவை போன்ற சில பகுதிகளைத் தவிர, அனுமதி இல்லை. அந்த விதிவிலக்குப் பட்டியலில் ராக்கால் இல்லை.

ஆக வட்டத்துக்கு வெளியே வலை போட்டால் சட்டப்படி சரி. அதே படகு, அதே வலை, அதே மீன், ஒரு மைல் உள்ளே வந்தால் குற்றம். அந்த ஒரு கோட்டை உருவாக்குவது 1955-ல் சிமென்ட் வைத்துப் பதித்த பட்டயம்.

பிரெக்ஸிட்டுக்கு முன்பே தொடங்கியது

இதை முழுக்க பிரெக்ஸிட் தலையில் கட்ட முடியாது. அதற்கு முன்பும் ஐரோப்பிய மீன்பிடிக் கொள்கையில் 12 மைல் கரையோரம் அந்தந்த நாட்டுப் படகுகளுக்கும், பழக்க உரிமை உள்ள சில அண்டை நாட்டுப் படகுகளுக்கும்தான். ராக்காலைச் சுற்றி அயர்லாந்து படகுகளுக்கு அப்படி எந்த உரிமையும் இருந்ததில்லை என்று ஸ்காட்லாந்து சொல்லிவந்தது. இவ்வளவு காலம் யாரும் தடுக்கவில்லையே என்பது அயர்லாந்தின் பதில்.

2019-ல் விவகாரம் வெடித்தது. வட்டத்துக்குள் அயர்லாந்து படகுகளின் நடமாட்டம் அதிகரித்துவிட்டது என்று சொன்ன ஸ்காட்லாந்து அரசு, ஜூன் மாதம் முதல் நடவடிக்கை எடுப்போம் என்று டப்ளினுக்குக் கெடு வைத்துக் கடிதம் அனுப்பியது. கையெழுத்திட்டவர் அப்போதைய வெளிவிவகார அமைச்சர் ஃபியோனா ஹிஸ்லாப். அயர்லாந்து துணைப் பிரதமராக இருந்த சைமன் கோவனி அதை ஏற்க மறுத்தார். பல பத்தாண்டுகளாகத் தடையின்றி மீன் பிடித்துவரும் இடம் என்றார். இரண்டு தரப்பும் பேச உட்கார்ந்ததில், அந்த ஆண்டு படகு பிடிபடும் அளவுக்குப் போகவில்லை.

அரசியல் ரீதியாக இதில் ஒரு முரண் உண்டு. அப்போது ஸ்காட்லாந்தை ஆண்டது, பிரிட்டனிலிருந்து பிரிந்துபோக விரும்பும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி. அயர்லாந்தோடு நெருக்கம் காட்டும் கட்சி. ஆனால் மீன்வளக் கண்காணிப்பு எடின்பரோவின் அதிகாரத்தில் இருப்பதால், லண்டன் கடற்படை நட்ட கொடிக்குக் காவல் நிற்க வேண்டிய வேலை அவர்கள் தலையில் விழுந்தது. பாறை யாருக்கு என்று முடிவு செய்யும் அதிகாரம் லண்டனிடம், படகை மறிக்கும் வேலை எடின்பரோவிடம். டப்ளின் யாரிடம் பேசுவது?

டோனகல் மீனவருக்கு என்ன இழப்பு?

அரசுகளுக்கு இது கொள்கை. கிரீன்காசில், கில்லிபெக்ஸ் மாதிரியான டோனகல் துறைமுகங்களுக்கு இது பிழைப்பு.

ராக்கால் திட்டு பெரியது, 12 மைல் வட்டம் அதில் ஒரு பகுதிதான், மற்ற இடத்தில் போய்ப் பிடிக்கலாமே என்று தோன்றும். மீன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பாறை நிற்கும் இடம்தான் திட்டின் மேட்டுப் பகுதி. கணவாய் வரும் பருவத்தில் படகுகள் தேடிப்போவது அந்த ஆழம் குறைந்த இடங்களைத்தான். ஒரு நாள் போக, ஒரு நாள் வர டீசல் எரித்து, நடுக்கடலில் காற்றோடு மல்லுக்கட்டி நிற்கும் படகுக்கு, மீன் இருக்கும் இடத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு உள்ளே போக முடியாது என்றால் அந்தப் பயணமே கட்டுப்படியாகாது.

ஸ்காட்லாந்து மீனவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் கடலில் விதிகளை நாங்கள் மதிக்கிறோம், வெளிப்படகுக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஹேடாக் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் பிடித்தால் தீர்ந்துபோகும் என்பது அவர்களுக்கும் தெரியும். இந்தத் திட்டில் மெதுவாக வளரும் குளிர்நீர்ப் பவளங்களும் உண்டு. இழுவை வலை ஒருமுறை உழுதுவிட்டால் மீண்டு வர மிக நீண்ட காலம் ஆகும். அதற்காகவே திட்டின் சில பகுதிகள் அடிமட்ட மீன்பிடிப்புக்கு மூடப்பட்டுள்ளன.

கடலடிக்கும் போட்டி

மீனைத் தாண்டி கடலடி மண்ணுக்கும் போட்டி இருக்கிறது. 200 மைலுக்கு அப்பால் உள்ள ஹாட்டன் - ராக்கால் பகுதியின் கண்டத்திட்டு மீது பிரிட்டன், அயர்லாந்து, ஃபாரோ தீவுகளின் சார்பில் டென்மார்க், ஐஸ்லாந்து என நான்கு பேர் கண் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனும் அயர்லாந்தும் 2009-லும், டென்மார்க் 2010-லும் ஐ.நா. ஆணையத்திடம் தங்கள் கோரிக்கையைக் கொடுத்துவிட்டன. நாடுகளுக்குள் தகராறு இருந்தால், சம்பந்தப்பட்டவர்கள் சம்மதிக்காமல் ஆணையம் அந்தக் கோப்பைப் பரிசீலிக்காது. நான்கு பேரும் ஒத்துப்போகும் வரை அது அப்படியே கிடக்கும். இதில் ராக்கால் பாறைக்கு எந்தப் பங்கும் இல்லை.

இப்போது என்ன நிலை?

2025 மே மாதம் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் உறவைப் புதுப்பித்துக்கொண்டபோது, ஒன்றியத்தின் படகுகளுக்கான அனுமதியை 2038 ஜூன் வரை நீட்டிக்க ஒப்புக்கொண்டன. பிரான்ஸ், நெதர்லாந்து மீனவர்களுக்கு அது பெரிய நிம்மதி. டோனகல் படகுகளுக்கு இந்த வட்டத்தைப் பொறுத்தவரை மாற்றம் இல்லை. நீட்டிக்கப்பட்டது ஏற்கெனவே இருந்த ஏற்பாடு. அதில் ராக்காலின் 12 மைல் ஏற்கெனவே கிடையாது.

நீதிமன்றம் போகலாமே என்றால், இரு தரப்புக்கும் அதில் ஆபத்து இருக்கிறது. 1955-லிருந்து எதிர்ப்பாரின்றி நிர்வகித்துவருகிறோம் என்று பிரிட்டன் வாதிடலாம். அதை உடைக்க அயர்லாந்து, பாறைக்கு வேறு யாரும் உரிமையாளர் இல்லை என்றும், இப்படிப்பட்ட ஒரு கல்லை ஒரு நாடு கைப்பற்றவே முடியாது என்றும் நிரூபிக்க வேண்டும். தோற்றால் 12 மைல் வட்டம் நிரந்தரமாக உறுதியாகிவிடும். பிரிட்டன் தோற்றாலோ, சும்மா இருந்த உரிமையை வலியப் போய் இழந்த கதையாகும்.

ஆகவே வழக்கு இல்லை. மீன் பிடிக்க அனுமதி கொடு, உரிமைப் பேச்சை ஒதுக்கிவைப்போம் என்ற வகையில் ஒரு தனி ஏற்பாடுதான் டப்ளினுக்கு இருக்கும் வழி. அதற்கு லண்டனும் எடின்பரோவும் சேர்ந்து தலையாட்ட வேண்டும்.

ஹெப்ரிடீஸ் தீவுகளின் கேலிக் மொழிக் கதைகளில் 'ரோகபரா' என்றொரு பாறை உண்டு. அது உலகத்துக்கு மூன்று முறை தோன்றும், மூன்றாவது முறை தோன்றினால் உலகம் முடிந்துவிடும் என்பார்கள். அது ராக்கால்தான் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டோனகல் மாலுமிகளுக்கு இப்போதெல்லாம் பாறை கண்ணில் படுவதே கடினம். 22 கி.மீ. தள்ளி நின்றால் 17 மீட்டர் கல் அடிவானத்தில் ஒரு புள்ளி. அவர்கள் பார்ப்பது, படகின் ஜி.பி.எஸ். திரையில் அதைச் சுற்றி ஓடும் கோட்டை.